ஊல்கான் அத்தை முந்திக்கொண்ட சேதி

காரகோல் ஊரில் ஒரு பெண் ரெண்டு மணி நேரம் யாரும் உள்ளே வராத அறையில் உட்கார வேண்டுமென்றால் ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லை குளித்துக்கொண்டிருக்க வேண்டும். செத்தாலும் தனியாக விடமாட்டார்கள், அழுவதற்கு ஆள் வந்துவிடும். அதனால்தான் நூர்சாத் பரீட்சை எழுதக் குளியல் வீட்டைத் தேர்ந்தெடுத்தாள்.

அது நெட்வொர்க் வேலைக்கான சான்றிதழ்ப் பரீட்சை. கணினியின் கேமரா வழியாக எங்கோ தூர தேசத்தில் ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் இன்னொரு தலை தெரிந்தால் பரீட்சை ரத்து. பேச்சுச் சத்தம் கேட்டாலும் ரத்து. நூர்சாத்தின் வீட்டிலோ அம்மா அனார்குல் கால் மணிக்கு ஒருதரம் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். பக்கத்து வீட்டிலிருக்கும் ஊல்கான் அத்தை, அப்பாவின் அக்கா, பிறந்ததிலிருந்து ஒரு கதவையும் தட்டித் திறந்தவள் இல்லை. ஆகவே முற்றத்து மூலையிலிருந்த குளியல் வீட்டின் வெளி அறைக்கு, பாதாமி மரத்தின் கிளைவழியே கேபிளை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். நாலு சுவரையும் காட்டச் சொன்னார் கண்காணிப்பாளர். ஆணியில் தொங்கிய பிர்ச் தழைக்கட்டைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். குளிக்கும்போது முதுகில் அடித்துக்கொள்வது என்று நூர்சாத் தட்டச்சு செய்தாள். பிறகு, தயவுசெய்து அதைக் கண்ணில் படாமல் வைக்கவும் என்று பதில் வந்தது.

பரீட்சை முடிந்ததுமே முடிவு திரையில் தெரிந்துவிட்டது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்து, "பாஸ்! பாஸாயிட்டேன்!" என்று குதித்தாள். ரெண்டு வருஷமாக ஊரிலுள்ள ஒரு இன்டர்நெட் கடைக்காகக் கூரை கூரையாக ஏறிக் கேபிள் இழுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்த படிப்பு. குதிக்கத்தான் செய்வாள். அவள் செய்த ஒரே தப்பு, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஊல்கான் அத்தை பாதாமிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்ததைக் கவனிக்காததுதான்.

நல்ல சேதியை முதலில் கொண்டுவந்தவர் "சுயுன்ச்சு!" என்று கூவிக்கொண்டு வருவார். அவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. கேட்டதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அத்தைக்கு இது கிட்டத்தட்ட ஒரு தொழில். பிள்ளை பிறந்தது, பட்டாளத்துப் பையன் திரும்பியது, பசு கன்று போட்டது எதுவானாலும் அவளை முந்திக்கொண்டு இன்னொருவர் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. ஆகஸ்ட் மாதம், வயசுப் பெண், பாஸ் என்று கத்துகிறாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்பதைத் தவிர வேறென்ன இருக்க முடியும்? நின்று கேட்டிருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தால் எதிர்வீட்டுக்காரி முந்திவிடுவாளே.

நூர்சாத் கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவின் வெல்வெட் மேலங்கி அத்தையின் தோளில் ஏறியிருந்தது. எதிர்வீட்டிலிருந்து ஒரு ஜாடி தேன் வந்திருந்தது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வேன் ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்த அப்பா ஜெனிஷ், போனிலேயே விருந்துக்கு ஒரு ஆடு அறுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

"அத்தை, அது யுனிவர்சிட்டி பரீட்சை இல்ல. வேற."

"வேறன்னா?"

"நெட்வொர்க் சர்டிபிகேட். கம்ப்யூட்டருங்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற வேலைக்கு."

"எத்தனை வருஷப் படிப்பு அது?"

"வருஷக்கணக்கு எல்லாம் இல்ல அத்தை. நானா படிச்சுக்க வேண்டியதுதான். பரீட்சை மட்டும் எழுதணும்."

"எங்க எழுதுன?"

நூர்சாத் கொஞ்சம் தயங்கினாள். "குளியல் வீட்ல."

அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா அனார்குல்? மத்தவங்க அழுக்குத் தேய்க்கிற எடத்துல இவ பரீட்சை எழுதியிருக்கா."

"விளையாடாதீங்க அத்தை. எல்லாருகிட்டயும் போயி தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டு? மேலங்கியத் திருப்பிக் குடுக்கவா? வாங்குன சுயுன்ச்சுவத் திருப்பிக் குடுத்தா நல்ல சேதி கெட்ட சேதியா மாறிடும்டி. உன் நல்லதுக்குத்தான் நான் இதை வெச்சுக்கிறேன்." அந்தக் கொதிக்கிற வெயிலில் வெல்வெட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அவள் வெளியே போனாள்.

அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டார். "தெருவே வாழ்த்திடுச்சு. இடம் வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு" என்றார். வசந்தத்தில் அவர் பிடுங்கலுக்காகத்தான் நூர்சாத் நுழைவுத் தேர்வு எழுதினாள். விண்ணப்பத்தையும் அவரே அனுப்பியிருந்தார். வராது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே வந்தது. தகவல் தொழில்நுட்பப் பிரிவு, அரசாங்கச் செலவில் இடம். அத்தை மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?" என்று கேட்டாள். நூர்சாத்துக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அதே வாரம் இன்னொன்றும் வந்தது. சர்வர்களை வைத்துப் பராமரிக்கிற பிஷ்கெக் நிறுவனம் ஒன்று முன்பே அவளை நேர்காணல் செய்து, சான்றிதழோடு வா என்று சொல்லியிருந்தது. அவர்கள் திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் பள்ளிச் சான்றிதழின் அசலைக் கொடுக்கக் கடைசி நாளும் அதே திங்கட்கிழமை.

"ரெண்டையும் செய்யேன்" என்றாள் அம்மா.

"முடியாதும்மா. பகல் ஷிப்ட்டு. வகுப்பும் பகல்ல. வகுப்புக்குப் போகலன்னா அரசாங்க இடத்தப் பிடுங்கிடுவாங்க. ஷிப்ட்டுக்குப் போகலன்னா வேலையப் பிடுங்கிடுவாங்க."

"சாயங்காலமாப் பேசிப் பாரேன்."

"யாருகிட்டம்மா பேசுறது?"

"யாராவது இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா மாவு பிசையப் போய்விட்டாள். இதே உரையாடல் அந்த வாரத்தில் எத்தனை தடவை நடந்தது என்று நூர்சாத் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அம்மா புதிதாகக் கண்டுபிடித்தவள்போலவே, ரெண்டையும் செய்யேன் என்று ஆரம்பித்தாள்.

அமைச்சகத்தில் இருக்கும் திலெக் மாமா போன்செய்து, டிகிரி இல்லாதவள் ஒரு பிரிவுக்குத் தலைவியாக முடியாது, சட்டமே அப்படித்தான் என்றார். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தோழியோ, கம்ப்யூட்டர் நிரலைப் பேனாவால் நோட்டில் எழுதவைக்கிறார்கள், தப்பாகப் போனால் அடித்துத் திருத்தவும் விடுவதில்லை என்று புலம்பினாள். அப்பாவிடம் ஒரே கேள்விதான் இருந்தது. "உன் சர்டிபிகேட் மூணு வருஷத்துல காலாவதி ஆயிடுமாமே. அது என்ன, படிப்பா தயிரா?"

"திரும்ப எழுதிப் புதுப்பிச்சுக்கலாம்ப்பா."

"என் டிகிரிய யாரும் புதுப்பிக்கச் சொல்லல. முப்பது வருஷமா அப்படியே இருக்கு."

அப்படியேதான் இருந்தது. விருந்துக் கோப்பைகள் வைக்கிற கண்ணாடி அலமாரியில், சிவப்பு அட்டைக்குள். அப்பா தொழிற்சாலைக் கருவிப் பொறியாளர். அவர் சேர்ந்த தொழிற்சாலை அவர் சேர்ந்த மறு வருஷமே மூடிவிட்டது. அன்றிலிருந்து காரகோலுக்கும் பிஷ்கெக்குக்கும் பயணிகள் வேன் ஓட்டுகிறார். இதை அவரிடம் சொல்லிக் காட்ட நூர்சாத்துக்கு மனம் வரவில்லை. அதுவுமில்லாமல், அவளுக்கே உள்ளூர ஒரு பயம் இருந்தது. நேர்காணலில் தலைமைப் பொறியாளரே சொல்லியிருந்தார், "ஆரம்பத்துல சர்டிபிகேட் போதும். மேல போகப் போக ஒரு எடத்துல டிகிரி கேப்பாங்க, அன்னிக்கு முழிக்காதே" என்று. அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பயப்படுவதற்குக்கூட வீட்டில் ஒரு தனி அறை கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. வாக்குக் கொடுத்த ஆடு, எதிர்வீடு, பக்கத்து வீடு, அத்தை, மேலங்கி எல்லாம் வந்துசேர்ந்தன. சாப்பிட்டு முடித்ததும் ஆசி. குடும்பத்தில் மூத்தவர், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் தோரன்பெக், இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேராக ஏந்தினார். சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் ஏந்தினார்கள். ஏந்திய கையை, ஆசி சொல்லி முடித்து, "ஓமின்" என்று முகத்தில் தடவிக்கொள்ளும்வரை யாரும் இறக்கக் கூடாது. அப்படிக் கொடுத்த ஆசியிலிருந்து பின்வாங்கவும் கூடாது.

"எந்தப் படிப்புன்னு சரியாச் சொல்லும்மா. ஆசி வேற எங்கயும் போயிடக் கூடாது பாரு" என்றார் தோரன்பெக்.

நூர்சாத் தன் வெறும் கைகளைப் பார்த்தாள். இப்போது சொல்லாவிட்டால் நாலு வருஷத்துக்கு வாயைத் திறக்க முடியாது. "நான் யுனிவர்சிட்டில சேரப் போறதில்ல தாத்தா. எனக்கு வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குச் சேரணும்."

யாரும் கையை இறக்கவில்லை. இறக்கினால் ஆசியை மறுத்ததாகிவிடும்.

"கையத் தூக்கி வெச்சுக்கிட்டு இப்படியாடி பேசுவ?" என்றாள் அத்தை. கை வீசாமல் ஒரு வார்த்தையும் பேசத் தெரியாதவள் அவள். ஏந்திய கைகள் ரெண்டும் அவள் முன்னால் துடித்துக்கொண்டிருந்தன. "நான் எத்தனை வீட்ல சொல்லியிருக்கேன்!"

"நான் சொல்லச் சொல்லலையே அத்தை!"

"அரசாங்க இடம்டி! ஊர்ல எத்தனை பேர் அழுவுறாங்க அதுக்கு!"

"அழுவுறவங்களுக்குக் குடுக்கட்டும்!"

"ரெண்டையும் செய்யலாம்னுதான் நான் சொல்றேன்" என்றாள் அம்மா.

"அம்மா!"

இந்தச் சமயத்தில் எதிர்வீட்டுப் பூனை உள்ளே வந்தது. சுற்றிலும் பார்த்தது. எல்லோருடைய கைகளும் மேலே இருப்பதைக் கண்டுகொண்டு, நேராக விரிப்பின்மேல் ஏறி, ஆட்டின் வால்கொழுப்பில் நல்ல துண்டாகக் கவ்விக்கொண்டு நிதானமாக இறங்கிப் போனது. "ச்சூ, ச்சூ" என்று பதினைந்து பேரும் வாயால் விரட்டினார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோரன்பெக்கின் முழங்கைகள் நடுங்க ஆரம்பித்தன. "ஜெனிஷ், உன் பொண்ணு. ஆசிய நீயே சொல்லு. எதுக்குன்னு நீயே முடிவு பண்ணு. எனக்குக் கை கீழ வரப்போவுது."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல், முகத்தைத் தடவிக்கொள்ளாமல், கைகளைக் கீழே இறக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அப்படி ஒன்றை அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் பாதி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சிலர் கையை மடியில் ஒளித்துக்கொண்டார்கள். வழக்கப்படி மிச்சக் கறியைப் பைகளில் எடுத்துக்கொண்டு, வழக்கமில்லாதபடி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். திட்டியிருந்தால் நூர்சாத் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். இறக்கிய கைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

திங்கள் விடியலில் அப்பா வேனைக் கிளப்பிவிட்டு, "ஏறு" என்றார். எங்கே கொண்டுபோய் விடுவார் என்று சொல்லவில்லை. பைக்குள் பள்ளிச் சான்றிதழின் அசலும் இருந்தது, வேலைக்குச் சேரும் கடிதமும் இருந்தது. அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் வண்டி நிறைய ஆள். கிளம்புகிற நேரத்தில் ஊல்கான் அத்தை ஜன்னலுக்குள் தலையை விட்டாள். "இந்தப் பொண்ணுக்கு வழியில நல்ல புத்தி சொல்லுங்க. கவர்மெண்ட் குடுத்த படிப்ப வேணாங்குறா!" அவ்வளவுதான். வேன் ஏரிக்கரைச் சாலைக்கு வருவதற்குள் பயணிகள் எல்லோரும் நூர்சாத்தின் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள்.

"எனக்கு ரெண்டு டிகிரி இருக்கும்மா" என்றாள் பெரிய மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி. "ஒண்ணு இலக்கியம், ஒண்ணு பொருளாதாரம். சந்தைல காலுறை விக்கிறேன்."

"அப்ப வேண்டாங்குறீங்களா அக்கா?"

"யார் சொன்னா? படி. வித்துக்கிட்டே இருந்தாலும், கல்யாண வீட்டுல போயி உக்காந்தா நம்மகிட்ட மரியாதையாப் பேசுவாங்க."

"என் மகன் சர்டிபிகேட்ட வெச்சுக்கிட்டுப் போலந்துக்குப் போனான்" என்றார் மடியில் பாதாமி மூட்டை வைத்திருந்த கிழவர். "நல்லா இருந்தான். இப்ப விசாவப் புதுப்பிக்க டிகிரி எங்கன்னு கேக்குறாங்களாம்."

"அதான் சொல்றேன், படிக்கட்டும்!"

"ஆனா நாலு வருஷம் நல்லா இருந்தானே!" என்றார் அதே கிழவர், கோபமாக.

நூர்சாத் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தாள். தூங்குகிறாள் என்று தெரிந்ததும் இன்னும் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். மலைக்கணவாய் தாண்டி, வயிறு நிறைந்து, ஒவ்வொருவராக உறங்கிப்போன பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"நேத்து ஏன்ப்பா கைய இறக்குனீங்க? நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்ல."

அப்பா சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். "எனக்கும் ஆசி குடுத்தாங்க. யுனிவர்சிட்டில சேரும்போது. எங்கப்பா சொன்னாரு, தெருவே ஓமின்னு சொல்லுச்சு. பாரு, எங்க உக்காந்திருக்கேன்னு."

"அப்புறம் என்னை மட்டும் ஏன் அதுக்குள்ளயே தள்றீங்க?"

அவர் எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு ஓரம் ஒதுக்கினார். "உனக்காவது அது பலிக்கணும்னுதான். உனக்கு அது வேணவே வேணாம், அது இல்லாமலே எல்லாம் ஆயிடும்னா... நான் அங்க இருந்த அஞ்சு வருஷம் என்னடி? சும்மாவா?"

தயிருக்கும் விசாவுக்கும் திலெக் மாமாவுக்கும் நூர்சாத்திடம் பதில்கள் வரிசையாக இருந்தன. இப்படி ஒன்றை அவர் சொல்வாரென்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரம் முழுக்க எதை எதையோ சொல்லி உயிரை வாங்கிவிட்டு, உண்மையை இப்போது, வண்டி ஓட்டிக்கொண்டு சொல்கிறாரே என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நான் ஒரு நாலு வருஷத்த அங்க கொண்டுபோயிக் குடுத்தா உங்க அஞ்சு வருஷம் திரும்பி வந்துடுமாப்பா?"

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தாள். அதற்குள் பிஷ்கெக் வந்துவிட்டது.

பல்கலைக்கழகத்துக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். நிறுவனத்துக்கு வலதுபக்கம். பச்சை விளக்கு விழுந்த பிறகும் அப்பா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. நூர்சாத் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பா என்னவோ முணுமுணுத்து, கியரை ஓங்கிப் போட்டு, வலதுபக்கம் திருப்பினார்.

"தம்பி, பஸ் நிலையம் இந்தப் பக்கம் இல்லையே!" என்று விழித்துக்கொண்டாள் காலுறைக்காரி.

"தெரியும். உக்காருங்க."

நிறுவனத்தின் இரும்புக் கதவுக்கு எதிரில் வண்டி நின்றது. "இறங்கு" என்றார். அவள் இறங்கினாள்.

"அப்பா..."

"இங்க வண்டி நிறுத்தக் கூடாது" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

ஆனால் வண்டி நகரவில்லை. கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பின்பக்கம் திரும்பி என்னவோ அதட்டினார், கட்டணம் கொடுக்காதவனை அதட்டுவதுபோல. காலுறைக்காரி மூட்டையை மடியிலிருந்து இறக்கினாள். கிழவர் பாதாமிப் பையைக் காலடியில் வைத்தார். ஒவ்வொன்றாக உள்ளங்கைகள் மேலே வந்தன. அப்பாவும் ஸ்டியரிங்கிலிருந்து ரெண்டு கையையும் எடுத்து ஏந்திக்கொண்டார். பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். அப்பாவின் உதடுகள் அசைந்தன. தோரன்பெக் தாத்தாவே இவ்வளவு நீளமாக ஆசி சொன்னதில்லை. கண்ணாடி மூடியிருந்ததால் அவளுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கடைசியில் எல்லோரும் ஒன்றாக முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அப்பா அவள் பக்கம் திரும்பாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"யாரும்மா வேணும்?" என்றார் வாசல் காவலாளி.

"இன்னிக்கு வேலைல சேரணும்."

"பேரு?"

வேன் போன பக்கத்திலிருந்து கண்ணை எடுத்து, "நூர்சாத்" என்றாள்.

"முழுப் பேர் சொல்லும்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"நூர்சாத். ஜெனிஷ் மகள்."

காவலாளி எழுதிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.